நாலரை அடி தூக்கின வீடு

வாங்க சார், வாங்கம்மா. பாத்து ஏறுங்க, ஏழு படி. கைப்பிடியப் புடிச்சுக்கங்கம்மா, வர்றவங்க எல்லாருமே அஞ்சாவது படியில நின்னு மூச்சு வாங்குவாங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. என் சம்சாரமே அங்கதான் நிப்பா. உட்காருங்க. சுகுணா, வீடு தூக்கறதப் பத்திக் கேக்க வந்திருக்காங்க, காப்பி போடு.

இந்த வருஷத்துல நீங்க ஆறாவது பார்ட்டி. எல்லாரும் ஒரே கேள்விதான். எத்தன ஜாக்கி வெக்கணும், செவுரு விரிசல் விடுமா, எத்தன நாள் ஆகும். எல்லாம் சொல்றேன். காண்ட்ராக்டர் நம்பரும் தர்றேன். ஆனா வீட்டத் தூக்கறது பெரிய விஷயமே இல்ல சார். தூக்கினதுக்கு அப்புறம் இந்தத் தெருவோட நான் படற பாடு இருக்கே, அத எந்தக் காண்ட்ராக்டரும் சொல்ல மாட்டான். அதயும் கேட்டுட்டுப் போங்க.

நான் ரயில்வேயில டி.டி.ஆர். முப்பத்தோரு வருஷம். ஒரு மனுஷன் மூஞ்சியப் பாத்தா டிக்கெட் இருக்கா இல்லையான்னு சொல்லிடுவேன். அவ்ளோ ஸ்டிரிக்ட். என் சொந்த மச்சினனுக்கே ஃபைன் போட்டிருக்கேன். அதுலேர்ந்து அவன் பஸ்லதான் போறான். அத விடுங்க. தொண்ணூத்தெட்டுல இந்த வீட்டக் கட்டினேன். தெருவுலேர்ந்து மூணு படி ஏறித்தான் உள்ள வரணும். அப்புறம் ரோடு போட்டாங்க, ஒரு படி போச்சு. மறுபடி போட்டாங்க, இன்னொண்ணு போச்சு. பழைய ரோட்டச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்கறாங்க. யாரு சுரண்டறா? மேல மேல தோசை ஊத்தற மாதிரி ஊத்திட்டுப் போயிடறாங்க. கடைசியில என்னாச்சு, மூணு படி ஏறிப் போன வீடு ரெண்டு படி இறங்கிப் போற வீடாயிடுச்சு. நாலு தூத்தல் போட்டா தெருத்தண்ணி மொத்தமும் ஹால்ல. மூணு வருஷம் சோபாவ செங்கல் மேல வெச்சு உட்கார்ந்தோம். அதுல உட்கார்ந்தா சுகுணாவுக்குக் கால் தரையத் தொடாது.

அதான் தூக்கிட்டேன். நாலரை அடி. நூத்தித் தொண்ணூறு ஜாக்கி. அஸ்திவாரத்தச் சுத்தித் தோண்டி, அடியில ஜாக்கியக் குடுத்து, அந்த மேஸ்திரி ஒரு விசில் அடிப்பான் பாருங்க, அத்தன ஆளுங்களும் ஒரே நேரத்துல ஜாக்கியக் கால் சுத்து திருகுவாங்க. அடுத்த விசில், அடுத்த கால் சுத்து. எனக்கு அந்த விசில் சத்தம் கேக்கறப்ப பிளாட்பாரத்துல நிக்கற மாதிரியே இருக்கும். நாங்க உள்ளயேதான் இருந்தோம். சுகுணா அடுப்புல பால் வெச்சிருந்தா, தளும்பல. நாப்பத்தஞ்சு நாள்ல முடிஞ்சுது. கடைசி நாள் மேல நின்னு பாத்தேன். தெருவே கீழ இருந்துது. எதிர்வீட்டு ஜன்னல் வழியா அவங்க என்ன டி.வி. பாக்கறாங்கன்னு தெரிஞ்சுது. நான் பாக்கல. தெரிஞ்சுதுன்னு சொல்றேன்.

இன்னொரு விஷயமும் நானே சொல்லிடறேன். வேற யாராவது சொன்னா தப்பாச் சொல்லுவாங்க. இந்த வீட்டுக்கு இடது பக்கம் ஒரு சந்து இருந்துது, பத்தடி அகலம். தெருவுலேர்ந்து பின்னாடி இருக்கற பெரிய வாய்க்கால் வரைக்கும் போகும். யாரோட இடமும் இல்ல. குப்பை போடுவாங்க, ஆடு மாடு நிக்கும், சில பேரு வந்து... வேணாம், காப்பி வர்ற நேரம். ஊருக்கு ஒரு நல்லது பண்ணலாமேன்னு முன்னாடி ஒரு கேட்டு போட்டு, பின்னாடி ஆறடிக்கு ஒரு செவுரு வெச்சேன். சுத்தமா இருக்கணுமேன்னு சிமெண்ட் போட்டேன். சுத்தமா இருக்கற இடத்துல நம்ம ஸ்கூட்டர நிறுத்தினா என்ன தப்பு? துணி காயப் போட்டா என்ன தப்பு?

எதிர்வீட்டுல தமயந்தின்னு ஒரு பொண்ணு. தாலுகா ஆபீஸ்ல சர்வே பிரிவுல வேல. நல்ல பொண்ணுதான், ஆனா கையில எப்பவும் ஒரு மேப்பு இருக்கும். நான் செவுரு வெச்ச வாரமே வந்தா. "சார், இது சந்து இல்ல. ஏரி ரொம்பினா மிச்சத் தண்ணி போற ஓடை. புல வரைபடத்துல நீலக் கோடு போட்டிருக்கு பாருங்க"ன்னா.

"ஏம்மா, இருவது வருஷமா இதுல ஒரு சொட்டுத் தண்ணி போய் நீ பாத்திருக்கியா"ன்னு கேட்டேன்.

"ஏரி ரொம்பல சார். ரொம்புச்சுன்னா வரும்."

"அது ரொம்பறப்ப பாத்துக்கலாம்"னேன். சரியான பதில்தானே? அவ மேப்ப மடிச்சுட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் சண்டையெல்லாம் இல்ல. பாத்தா சிரிப்பா. எனக்கு அந்தச் சிரிப்புதான் பிடிக்கல.

அப்புறம் போன கார்த்திகை. முன்ன மாதிரி மழை இப்ப எங்க பெய்யுது சார்? முன்னல்லாம் பத்து நாள் நசநசன்னு பெய்யும். இப்ப ஒரு மாசத்து மழைய ஒரே நாள்ல கொட்டிட்டு மறுநாள் வெயில் மண்டையப் பொளக்குது. செவ்வாக்கிழமை பூரா கொட்டுச்சு. புதன்கிழமை காலையில ஏரி ரொம்பிடுச்சுன்னு சொன்னாங்க. பத்து மணிக்குத் தெருவுல கணுக்கால் தண்ணி, பதினோரு மணிக்கு முழங்காலுக்கு மேல வந்துடுச்சு. நான் மேல நின்னு காப்பி குடிச்சுட்டே படிய எண்ணிட்டிருந்தேன். மூணு படி முங்கியிருக்கு, நாலு பாக்கி. மனசுக்கு நிறைவா இருந்துது. தப்பா எடுத்துக்காதீங்க. செலவு பண்ணது வீண் போகலங்கற நிறைவு.

அப்பத்தான் தமயந்தி வர்றா. தலையில ஒரு மூட்டை. அவ புருஷன் பாலகுரு தோள்ல பொண்ணு. பின்னாடியே கடைசி வீட்டு உமாபதி. அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் வராது. பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வெச்சு நாலு பேரு பல்லக்கு மாதிரி தூக்கிட்டு வர்றாங்க. அதுக்கும் பின்னாடி தெருவே வருது. இந்தத் தெருவுல மாடி வீடு கிடையாது சார், எல்லாம் ஓடும் ஒத்தத் தளமும்தான். தளத்து மேல ஏறி நிக்கலாம்னா மழை விடல. என் வீடு ஒண்ணுதான் ஒசரம்.

நான் வாசல்ல நின்னேன். பழக்கம் பாருங்க, வாசல்ல நின்னா எனக்குக் கை தானா நீண்டுடும். "எத்தன பேரு"ன்னு கேட்டேன். தமயந்தி, "இருவத்திரெண்டு சார்"னா. "இது என்ன சத்திரமா"ன்னு கேக்கலாம்னு வாயத் தொறக்கறேன், சுகுணா எனக்குப் பின்னாடிலேர்ந்து, "ஈரத்தோட நிக்காதீங்க, உள்ள வாங்க, உள்ள வாங்க"ங்கறா. என்ன ஒதுக்கிட்டு எல்லாரும் உள்ள போயிட்டாங்க. நானும் வாங்கன்னுதான் சொல்ல வந்தேன். அவ முந்திக்கிட்டா.

உள்ள வந்தா ஒரு ஒழுங்கு வேணாமா? ஒரு பேப்பர எடுத்து சார்ட் போட்டேன். உமாபதிக்குக் கட்டில். கைக்கொழந்தைக்காரங்களுக்கு உள் ரூம். பாலகுரு கொறட்டை விடுவான், அவனச் சமையக்கட்டு ஓரமாப் போட்டேன். கக்கூஸுக்கு வரிசை, பெரியவங்க முதல்ல. எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா சார்ட்படிதான் நடந்தாங்க. சுகுணா இருக்கற பெரிய குண்டான்ல கஞ்சி போட்டா, தமயந்தி ஊறுகா பாட்டில மூட்டையிலேர்ந்து எடுத்தா. மேப்பு நனையாம பிளாஸ்டிக் கவர்ல சுத்தி அதே மூட்டையில வெச்சிருந்தா. பாருங்க, வெள்ளத்துல மனுஷன் எதத் தூக்கிட்டு வர்றான்னு. உமாபதி பேச மாட்டாரு, வாய் கோணிக்கும்னு கூச்சம். அன்னிக்குச் சீட்டாட்டத்துல என்ன மூணு தடவ ஜெயிச்சாரு. விட்டுக் குடுத்தேன்னு வெச்சுக்கங்க. ஒரே இரைச்சல் சார், தொந்தரவு. என் பையன் புனேல இருக்கான், நாலு வருஷமா இந்த ஹால்ல டி.வி. சத்தம் மட்டும்தான். திடீர்னு இருவத்திரெண்டு பேருன்னா காது தாங்குமா?

வியாழக்கிழமை காலையில மழை விட்டுடுச்சு. எல்லாரும் அப்பாடான்னாங்க. ஆனா தண்ணி எறங்கல, ஏறுது. மழையே இல்ல, தண்ணி ஏறுது. அஞ்சாவது படி போச்சு. மத்தியானம் ஆறாவது படி போச்சு. ஏழாவது படிக்கு அப்புறம் ஹால்தான். ஹாலுக்கு அப்புறம் எங்க போறது? மொட்டைத் தளத்துக்குப் படி கிடையாது, உமாபதியத் தூக்கிட்டு எந்த ஒசரத்துக்குப் போறது? படகு வரும்னாங்க, வரல. போன்ல சார்ஜ் இல்ல. எல்லாரும் வாசப்படியவே பாத்துட்டிருந்தாங்க.

தமயந்தி என் பக்கத்துல வந்து மெதுவாத்தான் கேட்டா. "சார், ஏரித் தண்ணி வந்துட்டேதான் இருக்கும். அது போறதுக்கு இருக்கறது அந்த ஒரே வழி. பின் செவுர ஒடைக்கணும்."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. என் வீட்டுல ஒக்காந்து, என் கஞ்சியக் குடிச்சுட்டு, என் செவுர ஒடைக்கணுமாம். "யாரும் என் செவுத்துல கை வெக்கக் கூடாது"ன்னு சொன்னேன். சத்தமாவே சொல்லிட்டேன். பாலகுரு ஏதோ சொல்ல வந்தான், தமயந்தி அவன் கையப் புடிச்சு நிறுத்திட்டா. என்ன வெளிய தள்ளிட்டுப் போய் ஒடைச்சிருக்கலாம், இருவத்திரெண்டு பேரு. ஒருத்தர் கூட எழுந்திரிக்கல. அது என் வீடுன்னு ஒரு மரியாதை. அந்த மரியாதைதான் சார் எனக்கு ரொம்ப சங்கடமா இருந்துது. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நான் உள் ரூம்ல போய் உக்காந்து யோசிச்சுட்டிருந்தேன். ஒடைக்கலாம்னுதான் முக்காவாசி முடிவு பண்ணிட்டேன், அத நீங்க மனசுல வெச்சுக்கணும். அப்ப வெளியில தொம்முன்னு ஒரு சத்தம். ஓடி வந்து பக்கத்து ஜன்னல் வழியா பாக்கறேன். சுகுணா. அஞ்சடிக்கும் கொறச்சலானவ, நெஞ்சு வரைக்கும் தண்ணியில அந்தச் சந்துல நிக்கறா. கையில அம்மிக் கொழவி. மூட்டுவலின்னு மார்க்கெட்டுக்கு வர மாட்டேம்பா, அவ. கொழவியத் தூக்கி செவுத்துல இன்னொண்ணு போட்டா.

அப்புறம் கேட்டப்ப, "வழுக்கிடுச்சுங்க, புடிமானத்துக்குச் செவுத்துல கை வெச்சேன், கையில கொழவி இருந்துது"ங்கறா. வழுக்கினதுன்னா வழுக்கினதுதான். நாப்பது வருஷத்துல அவ என்கிட்ட பொய் சொன்னதில்ல.

பாலகுரு கடப்பாரையோட குதிச்சான். நானும் இறங்கினேன். இறங்காம என்ன பண்றது? நான்தான் சொன்னேன், "அப்படியே ஒடைச்சா தண்ணி ஆள இழுத்துட்டுப் போயிடும், இடுப்புல கட்டுங்க"ன்னு. நாலு பொடவைய முறுக்கி ஜன்னல் கம்பியில கட்டி, எங்க ரெண்டு பேரு இடுப்புலயும் கட்டினாங்க. சுகுணாவ மேல ஏத்தினோம். ஏற மாட்டேங்கறா. முன்பக்கத்துக் கேட்ட நாலு பேரு கழட்டித் தள்ளினாங்க. பின் செவுரு நாலரை இஞ்ச் செவுரு, ரெண்டு நாள் ஊறினது. பத்துப் போடு போட்டோம். பதினோராவது போடு நான் போட்டது. அடிக்கல்லு ஒண்ணு நகந்துது. அப்புறம் நாங்க ஒடைக்கல சார், தண்ணியே ஒடைச்சுடுச்சு. செவுரு மொத்தமா வாய்க்கால் பக்கமா சாஞ்சு விழுந்துது. என் இடுப்புல கட்டின பொடவை விண்ணுன்னு இழுத்துது. கால் தரையில இல்ல. மேலேர்ந்து யாரோ என் சட்டைக் காலரப் புடிச்சாங்க பாருங்க, புடிச்ச புடி விடல. ஜன்னல் வழியாக் கைய விட்டுப் புடிச்சது தமயந்தி. ரெண்டு பட்டன் தெறிச்சுடுச்சு.

தண்ணி அந்தச் சந்துல போச்சு. அப்படி ஒரு போக்கு. நீலக் கோடு எப்படிப் போட்டிருந்துதோ அப்படியே, வளைவு கூட மாறாம, பெரிய வாய்க்காலுக்குப் போச்சு. என் ஸ்கூட்டரும் அதோடதான் போச்சு. சாயந்தரம் விளக்கு வெக்கற நேரத்துக்கு அஞ்சாவது படி தெரிஞ்சுது. எல்லாரும் வாசல்ல வந்து நின்னு அந்தப் படியப் பாத்தாங்க, ஏதோ சாமி கிளம்பி வெளிய வந்த மாதிரி. உமாபதி அழுதாரு. நான் அழல. தண்ணியில ரொம்ப நேரம் நின்னா கண்ணு எரியும்.

சனிக்கிழமை எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க. சேறு வாரவே ஒரு வாரம் ஆச்சு. அப்புறம் அதிகாரிங்க வந்து அளந்தாங்க. இந்த மாதிரி அடைபட்ட ஓடைங்கள எல்லாம் தொறக்கப் போறாங்களாம். அறிக்கை எழுதினது தமயந்திதான். "ஆக்கிரமிப்பு"ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அதப் போட்டிருந்தா கேஸு, நோட்டீஸு, பேப்பர்ல பேரு, எல்லாம் வந்திருக்கும். அவ என்ன எழுதினா தெரியுமா? "வீட்டு உரிமையாளர் திரு. கோதண்டபாணி, பொதுநலன் கருதித் தாமாகவே முன்வந்து சுவரை அகற்றினார்." உள்ளத உள்ளபடி எழுதியிருக்கா. தெரு நலச் சங்கத்துல எனக்குச் சால்வை போட்டாங்க. தமயந்திதான் போட்டா. அப்பவும் அதே சிரிப்பு.

இப்ப அந்த ஓடைய ஆழமாத் தோண்டி ரெண்டு பக்கமும் கல்லு கட்டியிருக்காங்க. கரையில புங்கன் கன்னு வெச்சிருக்காங்க, நாலு வருஷத்துல வளந்தா இந்தப் பக்கத்துச் செவுத்துல மேற்கு வெயில் படாது. கோடையில அந்த ரூம்ல ஒக்கார முடியாது சார், அடுப்பு மாதிரி கொதிக்கும். நான் தினம் காலையில போய்ப் பாக்கறேன். ஒருத்தன் பாலித்தீன் கவர் போட வந்தான் போன வாரம். விட்டேனா?

ஆங், காப்பி வந்துடுச்சு. எடுத்துக்கங்க. சக்கரை போதுமாம்மா?

இப்ப என் வருத்தத்துக்கு வர்றேன். இவ்ளோ நேரம் அதுக்குத்தான் பேசிட்டிருந்தேன். போன ஞாயித்துக்கிழமை எதிர்வீட்டு வாசல்ல ஒரு ஆளு டேப் வெச்சு அளக்கறான். யாருன்னு பாத்தா, என் காண்ட்ராக்டர். என் வீட்டத் தூக்கினவன். தமயந்தி வீட்டத் தூக்கப் போறாளாம். அஞ்சடி. கேட்டீங்களா, அஞ்சடி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல.

நேரா போய்க் கேட்டேன். "என்னம்மா இப்ப அவசரம்? ஓடையத் தொறந்தாச்சு, தண்ணி போயிடும். அப்படியே வந்தாலும் எதிர்லதான் என் வீடு இருக்குல்ல?"ன்னேன்.

அவ சொல்றா, "எத்தன வாட்டி சார் உங்களுக்குத் தொந்தரவு குடுக்கறது? மூணு நாள் ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க. நாங்க தூக்கிட்டோம்னா தெருவுல பாதிப் பேரு எங்க வீட்டுக்கு வந்துடுவாங்க. உங்களுக்குப் பாரம் கொறையும்"னா.

பாரம் கொறையுமாம். பாரம்னு யாரு சொன்னது? நான் எப்பவாவது அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? உமாபதியையும் அங்க கூட்டிட்டுப் போயிடுவாங்களாம், அவரு வீட்டுலேர்ந்து அது கிட்டக்கவாம். கட்டில் என் வீட்டுலதான இருக்கு? அந்தப் பொண்ணுக்கு சார்ட் போடத் தெரியுமா? பாலகுருவ எங்க படுக்க வெக்கறதுன்னு தெரியுமா? நான் இங்க பதினாறு பாய் வாங்கி வெச்சிருக்கேன். சும்மா தள்ளுபடியில கிடைச்சுதுன்னு வாங்கினேன். பரண்ல இருக்கு, பாருங்க. பெரிய குண்டான் ஒண்ணும் வந்திருக்கு. இதெல்லாம் யாருக்கு?

கெளம்பிட்டீங்களா? இருங்க, நம்பர் எழுதித் தர்றேன். இந்தாங்க. நீங்க தாராளமாத் தூக்குங்க, நல்ல ஆளுதான். பின்னாடி தண்ணி எங்க போகுதுன்னு மட்டும் தாலுகா ஆபீஸ்ல மேப்பு கேட்டுப் பாத்துக்கங்க.

அப்புறம் ஒரு சின்ன உதவி. கீழ எறங்கினதும் எதிர்ல பச்சை கேட்டு, அதான் தமயந்தி வீடு. இன்னிக்கு லீவு, இருப்பா. போற வழியில ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. டி.டி.ஆர். வீட்டப் பாத்துட்டு வர்றோம், செவுரெல்லாம் விரிசல் விட்டுப் போச்சு, வீடு தூக்கறது அவ்ளோ நல்லதில்லன்னு. அம்மா, நீங்க சொல்லுங்க, பொம்பளைங்க சொன்னா கேப்பா. நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.